கலர் லேப் நடத்தறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: எங்க ஆல்பம் ஷீட் மேல ஆட்டோ கரெக்‌ஷன் ஓட்டாதீங்க

வணக்கம்.

மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், சேலம், சென்னைன்னு எல்லா ஊர்லயும் கல்யாண ஆல்பம் பிரிண்ட் போடற கலர் லேப் ஓனர்களுக்கும், ராத்திரி முழுக்க மெஷின் பக்கத்துலயே நிக்கற ஆபரேட்டர் அண்ணன்களுக்கும் இந்த மடல். நேரா விஷயத்துக்கு வர்றேன். நாங்க டிசைன் பண்ணி, கலர் பார்த்து, முடிச்சு அனுப்பற ஆல்பம் ஷீட் மேல, மெஷின் தானாவே கலரையும் வெளிச்சத்தையும் மாத்தற ஆட்டோ கரெக்‌ஷன் ஓட்டாதீங்க, கேட்டா மட்டும் ஓட்டுங்க. மெஷினை தினமும் காலிபரேட் பண்ணுங்க, அதாவது கலர் அளவு தப்பாம சரி பாருங்க, எந்த பேப்பர்ல போடறீங்களோ அந்த பேப்பரோட ஐசிசி ப்ரொஃபைலை (அதுல கலர் எப்படி வரும்னு சொல்ற ஃபைலை) எங்க கையில குடுங்க. கேக்கறது இவ்ளோதான். ஆனா ஏன் கேக்கறேன்னு கொஞ்சம் விரிவா சொல்லியாகணும், ஏன்னா போன்ல சொன்னா "உங்க மானிட்டர் சரியில்ல சார்"னு சொல்லி கட் பண்ணிடறாங்க.

முதல்ல உங்க பக்கத்து கஷ்டத்தை சொல்லிடறேன், அது எனக்கு தெரியாம இல்ல. முகூர்த்த சீசன்ல ஒரே நாள்ல பத்து ஊர்ல இருந்து பென்டிரைவும் ஆன்லைன் அப்லோடும் வந்து குவியுது, எல்லாருக்கும் நாளைக்கே வேணும், ஒவ்வொரு ஃபைலையும் ஒரு ஆள் உக்காந்து கண்ணால பார்த்து டென்சிட்டி (அடர்த்தி), சயன் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த ரோஸ்), யெல்லோ கீ தட்டிட்டு இருந்தா விடிஞ்சாலும் வேலை முடியாது. அதுலயும் மொபைல்ல எடுத்த 4×6, வாட்ஸ்அப்ல பத்து கை மாறி தேய்ஞ்சு போய் வந்த தாத்தா போட்டோ, ஜன்னலுக்கு முன்னாடி நிக்க வெச்சு முகம் இருட்டா எடுத்த பொறந்தநாள் போட்டோ, இதுக்கெல்லாம் ஆட்டோ நிஜமாவே பெரிய உதவி, இருட்டுல கெடந்த முகத்தை தூக்கிக் குடுக்குது, டியூப்லைட் பச்சையை எடுத்துடுது, அந்த கஸ்டமருக்கு வேற யாரு கலர் பார்த்துக் குடுப்பாங்க. அந்த வேலையில ஆட்டோவை நிறுத்துங்கன்னு நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நான் பேசறது ஒரு டிசைனர் ரெண்டு மூணு நாள் உக்காந்து ஒவ்வொரு முகமா பார்த்து முடிச்சு அனுப்பற 12×36 இன்ச் ஷீட்டை பத்தி. அதுவும் மொபைல் போட்டோவும் உங்க சர்வர்ல ஒரே க்யூல விழுது, ஒரே செட்டிங் ரெண்டு மேலயும் ஓடுது, அங்கதான் எல்லாமே கெட்டுப்போகுது.

இந்த ஆட்டோ எங்க இருந்து வந்துச்சுன்னு பார்த்தா ஏன் தப்பு பண்ணுதுன்னு புரியும். ஃபிலிம் காலத்துல லேப்புக்கு போறது நெகட்டிவ். அதுல ஆரஞ்சு மாஸ்க்னு ஒரு ஆரஞ்சு சாயம், ஒவ்வொரு கம்பெனி ஃபிலிமுக்கும் ஒரு குணம், எக்ஸ்போஷர் கூடக்குறைய, பல்பு வெளிச்சமா வெயிலான்னு தெரியாது, ஒரு நெகட்டிவை பார்த்து "இதோட சரியான கலர் இதுதான்"னு மெஷினுக்கு சொல்ல யாருமே இல்ல. அதனால ஒரு அனுமானம் வெச்சுக்கிட்டாங்க. கோடாக்ல இருந்த ரால்ஃப் எவன்ஸ் 1946ல பேடன்ட்டுக்கு விண்ணப்பிச்சு 1951ல வாங்கினாரு, அதோட சாரம் என்னன்னா ஒரு சாதாரண படத்துல இருக்கற எல்லா கலரையும் மொத்தமா கலந்தா சராசரி கிட்டத்தட்ட கிரேவா வரும், அதனால பிரிண்டோட சராசரியை கிரேவுக்கு கொண்டு வந்துட்டா கலர் சரியாயிடும். வீடு, மரம், வானம், ரோடு, மனுஷங்கன்னு எல்லாம் கலந்து இருக்கற படத்துக்கு இது ரொம்ப நல்லாவே வேலை செஞ்சுது, உலகம் முழுக்க லேப்கள் இதை வெச்சுதான் கோடிக்கணக்குல பிரிண்ட் போட்டாங்க. ஒரே கலர் ஃபிரேமை அடைச்சுக்கிட்டு இருந்தா மட்டும் கணக்கு தப்பிடும், அதுக்கு அந்த காலத்து லேப் ஆளுங்க சப்ஜெக்ட் ஃபெயிலியர்னு ஒரு பேரே வெச்சிருந்தாங்க.

இப்ப நம்ம கல்யாணத்தை யோசிச்சு பாருங்க. நம்ம கல்யாணத்துல சப்ஜெக்ட் ஃபெயிலியர் இல்லாத ஃபிரேம் எத்தனை இருக்கு? அரக்கு கலர் பட்டுப்புடவைல பொண்ணு உக்காந்திருக்கு, பின்னாடி சிவப்பு வெல்வெட் பேக்டிராப், கழுத்துல ரோஜா மாலை, முக்கால் ஃபிரேமும் சிவப்புதான். மெஷின் என்ன நினைக்குது, ஐயோ இந்த படத்துல சிவப்பு சாயல் ஏறிக்கிடக்குன்னு நினைச்சு சயனை ஏத்துது. புடவை அரக்குல இருந்து செத்துப்போன பிரவுனுக்கு போயிடுது, பொண்ணு முகத்துல லேசா பச்சை ஓடுது, ஜரிகை தங்க நிறம் போய் பித்தளை மாதிரி வெளிறிப் போகுது. போஸ்ட் வெட்டிங் ஷூட்னு வயலுக்கு கூட்டிட்டு போய் எடுத்தா நெல்லுப் பச்சை ஃபிரேம் முழுக்க இருக்கும், அங்க மெஜந்தா ஏறும், ரெண்டு பேர் முகமும் காய்ச்சல்காரங்க மாதிரி செவந்து கிடக்கும்.

நலங்கு படம்தான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். பொண்ணுக்கு கன்னம், நெத்தி, கை, காலெல்லாம் மஞ்சள் பூசி உக்கார வெச்சிருக்காங்க, அத்தைங்க சித்திங்க எல்லாரும் சுத்தி நின்னு சிரிக்கறாங்க, மஞ்சள் புடவை, மஞ்சள் சாமந்தி. அந்த மஞ்சள்தான் அந்த படமே. அதை கொண்டு போய் ஆட்டோல போட்டா அது மஞ்சள் லைட்டுல எடுத்த படம்னு முடிவு பண்ணி நீலத்தை ஏத்தி மஞ்சளை தொடைச்சு எடுத்துடுது, பூசின மஞ்சள் போயி முகம் ஒரு மாதிரி ரோஸும் சாம்பலுமா நிக்குது, சாமந்தி எலுமிச்சம்பழ கலர்ல வருது. பிரிண்டை பார்த்த பொண்ணோட பெரியம்மா "மஞ்சளே பூசலையா"ன்னு கேட்டாங்க. என் ஸ்கிரீன்ல மஞ்சள் இருந்துச்சு, நான் அனுப்பின ஃபைல்ல இருந்துச்சு, பேப்பர்ல இல்ல.

உடனே ஒரு பதில் வரும்னு எனக்கு தெரியும், அதெல்லாம் பழைய கதை, இப்ப இருக்கற சாஃப்ட்வேர் முகத்தை தானே கண்டுபிடிச்சு, சீனை புரிஞ்சுக்கிட்டு, பகுதி பகுதியா பிரிச்சு கரெக்ட் பண்ணுதுன்னு. உண்மைதான், வெறும் சராசரி கணக்கு போடற காலம் போயிடுச்சு, சும்மா ஒரு கேமரா படம் குடுத்தா ரொம்ப அழகா பண்ணுது. ஆனா ஆல்பம் ஷீட் கேமரா படமே கிடையாது. ஒரே ஷீட்டுல காலைல ஜன்னல் வெளிச்சத்துல எடுத்த மேக்கப் படம், ஹோமப்புகைக்கு நடுவுல எடுத்த தாலி கட்டற படம், ராத்திரி ரிசப்ஷன்ல ஊதா எல்இடிக்கு கீழ எடுத்த படம், இது மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், பின்னாடி டிசைனர் போட்ட கருப்பு பேக்கிரவுண்ட் இல்லன்னா க்ரீம் கலர் டெக்ஸ்சர் இருக்கும். மெஷினுக்கு அது மொத்தமும் ஒரே படம். கருப்பு பேக்கிரவுண்டை பார்த்தா ஷீட் இருட்டா இருக்குன்னு மொத்தத்தையும் தூக்குது, வெள்ளை பேக்கிரவுண்டை பார்த்தா ஓவர் எக்ஸ்போஸ்னு அமுக்குது. ஒரே பொண்ணு, ஒரே நேரம், ஒரே லைட்டு, நாலாவது ஷீட்டுல ஒரு நிறமாவும் அஞ்சாவது ஷீட்டுல வேற நிறமாவும் வந்தா ஆல்பம் புரட்டறவங்களுக்கு ஏன்னு புரியாட்டியும் ஏதோ சரியில்லன்னு தோணிடும். 12×36ஐ ரெண்டு 12×18ஆ வெட்டி போடற மெஷின்ல இன்னும் மோசம், இடது பாதிக்கு ஒரு கரெக்‌ஷன் வலது பாதிக்கு ஒரு கரெக்‌ஷன் ஓடி, நடுவுல மடிப்புல வந்து பார்த்தா மணமேடை பேக்டிராப் ரெண்டு கலரா பிரிஞ்சு நிக்குது. பொண்ணு வீட்டுக்கு ஒரு செட், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு செட்னு ரெண்டு ஆல்பம் குடுக்கறோம், அது ரெண்டும் வேற வேற நாள் பிரிண்ட் ஆனா சம்பந்தி வீட்டுல பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்துட்டு எங்களைத்தான் கூப்பிடறாங்க.

அடுத்தது நிறம். இதை ஒளிச்சு மறைச்சு பேச விரும்பல. ஆட்டோல முகத்தை கண்டுபிடிச்சு அதை ஒரு இலக்கு பிரகாசத்துக்கு கொண்டு போற வேலை ஒண்ணு நடக்குது, அந்த இலக்கு எங்க இருக்குங்கறதுதான் கேள்வி. நல்ல கருப்பா இருக்கற ஒரு பொண்ணை, நாங்க லைட்டு வெச்சு, கன்னத்துல ஒரு சின்ன மினுமினுப்பு விழற மாதிரி எடுத்து, அந்த நிறம் அப்படியே ஆழமா, பளபளப்பா வரணும்னு கலர் பண்ணி அனுப்பறோம். ஆட்டோ அதை அண்டர் எக்ஸ்போஸ்னு நினைச்சு தூக்குது. தூக்கினா சிவப்பா ஆயிடுமா? ஆகாது, சாம்பல் பூத்து போயிடும், கன்னத்துல இருந்த மினுமினுப்பும் நிழலும் ஒண்ணாகி முகம் தட்டையா பவுடர் அப்பின மாதிரி நிக்கும். முன் வரிசைல உக்காந்திருந்த ஒரு தாத்தாவை இப்பவும் நான் மறக்கல. காடு கழனில வேலை பார்த்தே கறுத்த உடம்பு, புதுசா கஞ்சி போட்டு தேய்ச்ச வெள்ளை சட்டை, பேத்தி கல்யாணம்னு முகம் பூரா சிரிப்பு. என் ஃபைல்ல அவர் நெத்திக் கோடு ஒவ்வொண்ணும் தெரியும், சட்டைல இஸ்திரி மடிப்பு தெரியும். பிரிண்ட்ல முகத்தை தூக்கறேன்னு மொத்தமா தூக்கினதுல சட்டை மடிப்பெல்லாம் போய் வெறும் வெள்ளை அட்டை மாதிரி ஆயிடுச்சு, அவர் முகம் அந்த வீட்டு ஆளுங்களுக்கே அடையாளம் தெரியாத ஒரு நிறத்துல இருந்துச்சு. கஸ்டமரே சிவப்பா போட சொல்றாங்கன்னு நீங்க சொல்லலாம், சிலர் சொல்றாங்கதான், சொன்னவங்களுக்கு அதை நாங்க டிசைன்லயே பார்த்துக்கறோம், அது அந்த குடும்பத்துக்கும் எங்களுக்கும் உள்ள பேச்சு. சொல்லாத குடும்பத்து முகத்துல எல்லாம் அதை டிஃபால்ட்டா ஓட்ட யாருக்கும் உரிமை இல்ல.

இது நம்ம லேப்ல மட்டும் வந்த பழக்கமும் இல்ல. 1950கள்ல இருந்தே கோடாக் தன்னோட லேப்களுக்கு கலர் சரி பார்க்க ஒரு ரெஃபரன்ஸ் பிரிண்ட் அனுப்பிட்டு இருந்துச்சு, அதுல ஒரு வெள்ளைக்கார பொண்ணு உக்காந்திருக்கும், முதல்ல அப்படி உக்காந்த பொண்ணு பேர் ஷெர்லி, அதனால அப்புறம் யார் உக்காந்தாலும் அதுக்கு ஷெர்லி கார்டுன்னே பேர். அந்த பொண்ணு தோல் நல்லா வந்துட்டா மெஷின் சரியா இருக்குன்னு அர்த்தம். கருப்பு முகத்துல நிழல் விவரம் வரலைன்னு எத்தனையோ பேர் வருத்தப்பட்டிருக்காங்க, ஆனா டார்க் பிரவுன் சரியா பிரிஞ்சு தெரியலன்னு சாக்லேட் கம்பெனியும் மரச்சாமான் கம்பெனியும் புகார் சொன்னதுக்கு அப்புறம்தான் ஃபிலிம்ல மாத்தம் வேகமா வந்துச்சு. வேற வேற நிறத்துப் பொண்ணுங்க ஒண்ணா உக்காந்த கார்டு 1990கள்லதான் வந்துச்சு. 2021ல கூகுள் தன்னோட பிக்சல் 6 போன்ல ரியல் டோன்னு ஒண்ணை கொண்டு வந்து கருத்த தோலை உள்ளது உள்ளபடி காட்டணும்னு கேமராவை திருத்தினாங்க, 2022ல மங்க் ஸ்கின் டோன் ஸ்கேல்னு 10 நிறம் உள்ள ஒரு அளவுகோலையும் எல்லாரும் பயன்படுத்தட்டும்னு வெளியிட்டாங்க. பாக்கெட்டுல இருக்கற போன் திருந்திட்டு வர்ற நேரத்துல, கருப்பும் மாநிறமுமா மக்கள் வாழற ஊர்ல, அவங்க காசுலயே ஓடற லேப் மெஷின் இன்னும் அவங்க முகத்தை பிழைன்னு நினைச்சு திருத்திட்டு இருக்கறது எனக்கு தாங்கல.

சரி, ஆட்டோவை நிறுத்திட்டா போதுமான்னா போதாது. ஆட்டோவை நிறுத்தின அன்னைக்குத்தான் மெஷினோட உண்மையான நிலைமை வெளிய தெரியும். ஆட்டோவை இஷ்டத்துக்கு ஓட்டற நிறைய இடத்துல, மெஷின் தள்ளிப் போனதை அது மூடி மறைச்சுட்டு இருக்குன்னுதான் நான் நினைக்கறேன். சில்வர் ஹாலைடுங்கற, வெளிச்சம் பட்டா மாறற போட்டோ பேப்பர்ல லேசர்ல எக்ஸ்போஸ் பண்ணி கெமிக்கல்ல கழுவற மெஷின்னா அது உயிருள்ள ஒண்ணு மாதிரி, டெவலப்பர் (படத்தை வரவைக்கற கெமிக்கல்) சூடு, ரீப்ளெனிஷ்மென்ட் (புது கெமிக்கல் சேர்க்கறது) அளவு, பேப்பர் ரோல் மாறினது, எது அசைஞ்சாலும் கலர் அசையும். அதனாலதான் காலைல பேட்ச் பிரிண்ட் (கலர் கட்டங்கள் உள்ள பிரிண்ட்) போட்டு மெஷின்ல இருக்கற ரீடர்ல படிக்க வெச்சு செட்டப் பண்ண சொல்றாங்க, கெமிக்கலை சோதிக்கற கன்ட்ரோல் ஸ்ட்ரிப் ஓட்டி கிராஃப் பார்க்க சொல்றாங்க. நம்ம ஊர்ல இதுல ஒரு தனி சிக்கல் இருக்கு. ஆடியிலயும் மார்கழியிலயும் முகூர்த்தம் கிடையாது, மெஷின் வழியா பேப்பர் ஓடறது குறைஞ்சு போகும், டேங்க்ல இருக்கற டெவலப்பர் புதுசா ரீப்ளெனிஷ் ஆகாம காத்து பட்டு ஆக்சிடைஸ் ஆயிட்டே இருக்கும். அப்புறம் ஆவணி பொறந்ததும் தையில முதல் முகூர்த்தம் முடிஞ்சதும் மொத்த ஆர்டரும் ஒரே வாரத்துல வந்து விழும், கெமிக்கல் நிலைக்கு வர்றதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஷீட் ஓடிடும். சீசனோட முதல் வாரத்து ஆல்பத்துக்கும் மூணாவது வாரத்து ஆல்பத்துக்கும் கலர் வித்தியாசம் நான் பார்த்திருக்கேன், நீங்களும் பார்த்திருப்பீங்க. சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்கி வேஸ்ட் பேப்பர் ஓட்டி கெமிக்கலை நிலைப்படுத்தி ஸ்ட்ரிப் பார்த்துட்டு ஆர்டர் எடுத்தீங்கன்னா, பின்னாடி ரீபிரிண்ட் போடற பேப்பர் செலவுலயே அது மிச்சமாயிடும்.

டிஜிட்டல் பிரஸ்ல டோனர்லயும் இங்க்லயும் ஆல்பம் போடறவங்களுக்கு கெமிக்கல் தொல்லை இல்ல, ஆனா அங்கயும் ஃபைலை பிரிண்டுக்கு மாத்திக் குடுக்கற ரிப் சாஃப்ட்வேர்ல ஒரு ஆட்டோ என்ஹான்ஸ் டிக் இருக்கும், அங்கயும் தினசரி காலிபரேஷன் உண்டு, அதனால இந்த மடல் உங்களுக்கும் சேர்த்துதான்.

மெஷின் நிலையா நின்னதுக்கு அப்புறம்தான் ப்ரொஃபைலுக்கு அர்த்தம் வரும். ஐசிசி ப்ரொஃபைல்ங்கறது இந்த மெஷின், இந்த பேப்பர், இந்த நிலைமைல என்ன கலர் குடுத்தா என்ன கலர் வருதுன்னு அளந்து எழுதி வெச்ச ஒரு பட்டியல். 1993ல அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட், ஆக்ஃபா எல்லாம் சேர்ந்து 8 கம்பெனியா அந்த ஐசிசி அமைப்பை ஆரம்பிச்சதே ஒருத்தர் ஸ்கிரீன்ல பார்த்த கலர் இன்னொருத்தர் பேப்பர்ல வரணும்னுதான். மேட் பேப்பருக்கு ஒண்ணு, கிளாஸிக்கு ஒண்ணு, மெட்டாலிக்குக்கு ஒண்ணுன்னு அந்த ஃபைல் உங்ககிட்ட இருக்கு, இல்லன்னா பேட்ச் சார்ட் பிரிண்ட் போட்டு ஸ்பெக்ட்ரோங்கற கலர் அளக்கற கருவில படிச்சு ஒரு மத்தியானத்துல உருவாக்கிடலாம். அதை எங்களுக்கு குடுத்தா நாங்க ஃபோட்டோஷாப்ல சாஃப்ட் ப்ரூஃப் போட்டு, பேப்பர்ல எப்படி வரும்னு ஸ்கிரீன்லயே பார்த்துடுவோம். ரிசப்ஷன் மேடைல அந்த ஊதாவும் அடர் நீலமுமா எரியற எல்இடி இருக்கே, அந்த நீலத்தை எந்த போட்டோ பேப்பராலயும் ஸ்கிரீன்ல தெரியற மாதிரி காட்ட முடியாது, அந்த நிறம் பேப்பரோட எல்லைக்கு வெளிய இருக்கு. கிளிப்பச்சை பட்டும் அப்படித்தான், சில மெஜந்தாவும் அப்படித்தான். முன்கூட்டியே தெரிஞ்சா நாங்களே அதை பக்குவமா இறக்கி, புடவை மடிப்பு போகாம பார்த்துக்குவோம், கஸ்டமர்கிட்டயும் சொல்லி வெச்சுடுவோம். தெரியாம அனுப்பினா மெஷின் அதை ஒரே திட்டா அடைச்சு வெச்சுடுது. ப்ரொஃபைல் கேட்டா "அதெல்லாம் வெளிய குடுக்கறதில்ல சார், தொழில் ரகசியம்"னு ஒரு லேப்ல சொன்னாங்க, அதுல என்ன ரகசியம் இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல, வெளிநாட்டுல எத்தனையோ லேப்ல வெப்சைட்ல போட்டு வெச்சு இந்தா எடுத்துக்கோன்னு விட்டிருக்காங்க.

கூடவே ஃபைல்ல ஒட்டியிருக்கற ப்ரொஃபைலையும் மதிங்க. எஸ்ஆர்ஜிபிங்கற கலர் அளவுமுறை 1996ல ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டு வந்தது, 1999ல சர்வதேச தரமாவே ஆயிடுச்சு, நீங்க எஸ்ஆர்ஜிபில அனுப்ப சொல்றது சரி, நாங்களும் அப்படித்தான் அனுப்பறோம். ஆனா 2016ல ஐபோன் 7ல இருந்து ஐபோன் படம் எல்லாம் டிஸ்ப்ளே பி3ங்கற இன்னும் விரிஞ்ச கலர் அளவுமுறைல வருது, சொந்தக்காரங்க எடுத்த ஐபோன் படம் உங்க கவுன்டருக்கு நேரடியா வந்தா உங்க சாஃப்ட்வேர் அந்த டேகை (ஃபைல்ல இருக்கற ப்ரொஃபைல் குறிப்பை) படிச்சு முறையா கன்வெர்ட் பண்ணனும். படிக்காம அதை எஸ்ஆர்ஜிபின்னு எடுத்துக்கிட்டா கலர் வெளிறிப் போகும், வெளிறிப் போனதை பார்த்து ஆட்டோ சாச்சுரேஷனை (கலரோட அழுத்தத்தை) ஏத்தும், கடைசில யார் எதை திருத்தினாங்கன்னே தெரியாத ஒரு கலர் பேப்பர்ல வந்து உக்காரும். அடோபி ஆர்ஜிபிங்கற இன்னொரு முறைல அனுப்பற ஃபோட்டோகிராபருக்கும் இதே கதிதான்.

ஷார்ப்னெஸ் பத்தி ஒரு வார்த்தை. நாங்க ஏற்கனவே ஷார்ப் பண்ணி அனுப்பறோம், அது மேல நீங்க ஒரு தடவை ஷார்ப் ஓட்டினா ஜரிகை ஓரத்துல வெள்ளைக் கோடு விழுது, முடி கம்பி மாதிரி நிக்குது, மல்லிப்பூ சரம் உப்பு தூவின மாதிரி ஆயிடுது. 8 பிட் ஜேபெக்ல ஒரு கலருக்கு இருக்கறதே 256 படிதான், அதுல நாங்க ஒரு தடவை இழுத்தது போக நீங்க ஒரு தடவை இழுத்தா ஸ்டுடியோ பேக்கிரவுண்ட்ல பட்டை பட்டையா தெரியுது. தச்சு அளவு பார்த்து இஸ்திரி போட்டு குடுத்த ஜாக்கெட்டை கடைக்காரர் பிரிச்சு மறுபடி பிடிச்சு தைக்கற மாதிரிதான் இது.

மானிட்டர் பேச்சுக்கு வர்றேன், ஏன்னா உங்க முதல் பதிலே அதுதான். எங்கள்ல நிறைய பேர் மானிட்டர் சரியில்லாம வெச்சிருக்காங்கங்கறது உண்மை, பிரைட்னெஸ் முழுசா வெச்சுட்டு நீலம் தூக்கலா பார்த்து கலர் பண்ணிட்டு பிரிண்ட் இருட்டா வருதுன்னு சண்டைக்கு வர்றவங்களும் இருக்காங்க. காலிபரேட்டர் வாங்குங்க, வெள்ளையை 6500 கெல்வின்ல, பிரகாசத்தை 100 கேன்டெலா பக்கத்துல வெச்சு வேலை பாருங்கன்னு எங்க ஆளுங்ககிட்ட நான் சொல்லிட்டேதான் இருக்கேன். ஆனா அவங்க மானிட்டர் தப்புன்னு சொல்றதுக்கு உங்க பக்கம் சரின்னு காட்ட ஒரு அளவு வேணும் இல்லையா. டெல்டா ஈ, அதாவது கலர் எவ்ளோ விலகியிருக்குங்கற அளவு, எவ்ளோ வருதுன்னு ஒரு எண், காலைல எடுத்த பேட்ச் ரீடிங், ஏதாவது ஒண்ணு. அதுவும் பிரிண்டை எந்த வெளிச்சத்துல பார்க்கறோம்ங்கறதும் இருக்கு, பிரிண்ட் பார்க்கறதுக்குன்னு 5000 கெல்வின் வெளிச்சத்தை உலகத் தரமா வெச்சிருக்காங்க, உங்க டெலிவரி கவுன்டர்ல இருக்கற பச்சை டியூப்லைட்ல வெச்சு பார்த்துட்டு நீங்களும் நானும் வாக்குவாதம் பண்றதுல பிரயோஜனமே இல்ல. ஒரு நல்ல லைட்டு மாட்டுங்க, அதுக்கு கீழ வெச்சு பேசலாம்.

ஆபரேட்டர் அண்ணன்களுக்கு தனியா சொல்லணும். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸோட இந்து பிராண்ட் பேப்பர்ல கருப்பு வெள்ளை போட்ட ஆளுங்ககிட்ட தொழில் கத்துக்கிட்டவங்க உங்கள்ல சிலர் இன்னும் இருக்கீங்க. நெகட்டிவை ஒரு தடவை தூக்கி வெளிச்சத்துல பார்த்தே ரெண்டு மெஜந்தா குறை, ஒரு டென்சிட்டி ஏத்துன்னு சொன்ன கண்ணு உங்களோடது. அந்த கண்ணுக்கு தெரியும் நலங்குல மஞ்சள் இருக்கணும்னு, பட்டு வேட்டி சந்தன வெள்ளையா இருக்கணும், சோப்புத் தூள் விளம்பரம் மாதிரி நீல வெள்ளையா இருக்கக்கூடாதுன்னு. ஓனர்கள் தயவுசெஞ்சு அந்த ஆளை பைண்டிங் செக்‌ஷனுக்கு மாத்தாம, ஒவ்வொரு ஆல்பத்துல இருந்தும் ஒரு ஷீட்டை முதல்ல போட்டு அவர் கண்ணுல காட்டிட்டு மிச்சத்தை ஓட்ட விடுங்க. முதல் ஷீட் சரின்னா மிச்சமும் சரியாத்தான் வரும், ஏன்னா ஆட்டோ இல்லாம நிலையா நிக்கற மெஷின்ல எல்லா ஷீட்டும் ஒரே மாதிரி நடந்துக்கும். எல்லா ஃபைலையும் பார்க்க ஆள் இல்லைங்கற பிரச்சனைக்கும் இதுதான் எனக்கு தெரிஞ்ச வழி.

இப்ப நீங்க செய்ய வேண்டியதை ஒரு தடவை திட்டமா கேட்டுடறேன். உங்க அப்லோட் சாஃப்ட்வேர்ல ஆர்டர் போடற இடத்துல "கரெக்‌ஷன் வேண்டாம்"னு ஒரு டிக் வைங்க, ஆல்பம் ஷீட்டுக்கு அந்த டிக் முன்கூட்டியே விழுந்திருக்கட்டும், சின்ன பிரிண்டுக்கும் மொபைல் படத்துக்கும் விழாம இருக்கட்டும். சில லேப்ல அந்த டிக் இப்பவே இருக்கு, ஆனா உள்ள போனா ஆபரேட்டர் ஸ்கிரீன்ல அது தெரியறதே இல்ல, மெஷின் தானா எடுத்து பிரிண்ட் போடற ஹாட் ஃபோல்டர்ல விழுந்ததும் எல்லாம் ஒரே சேனல்ல போயிடுது, அதனால டிக் வெச்ச ஃபைலுக்கு தனி சேனலே வைங்க. பேப்பர் பிராண்ட் மாத்தினா ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போடுங்க, விலை ஏறினா உடனே மெசேஜ் வருது, பேப்பர் மாறினா மட்டும் யாரும் சொல்றதில்ல. முகத்தை தூக்கற செட்டிங்கோட டிஃபால்ட்டை பூஜ்யத்துல வைங்க. ஷீட்டுக்கு வெளிய வெட்டிப் போடற ஓரத்துல சின்னதா ஒரு கிரே பட்டையும் நாலு தோல் நிறக் கட்டமும் பிரிண்ட் ஆகற மாதிரி வெச்சீங்கன்னா, ஏதாவது பிரச்சனைன்னா அந்த ஓரத்தை பார்த்தே உங்க மெஷினா எங்க ஃபைலான்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும், போன்ல கத்தவே வேண்டாம்.

இதுக்காக ஷீட்டுக்கு ரெண்டு ரூபா கூட கேட்டாலும் குடுக்க நாங்க நிறைய பேர் தயார்.

நான் ஒரு டெஸ்ட் ஷீட் தயார் பண்ணி வெச்சிருக்கேன். அரக்கு பட்டு, கிளிப்பச்சை பட்டு, நலங்கு மஞ்சள் பூசின முகம், சந்தன வேட்டி, வெள்ளைச் சட்டை, ஊதா எல்இடி மேடை, கருப்புல இருந்து சிவப்பு வரைக்கும் படிப்படியா பல நிறத்து முகங்கள், எல்லாம் அவங்கவங்க சம்மதம் வாங்கி போட்டது, கூடவே ஒரு கிரே ஸ்கேலும் கலர் சார்ட்டும் இருக்கு. எந்த லேப் கேட்டாலும் காசில்லாம தர்றேன். ஆட்டோ ஓட்டி ஒண்ணு, ஓட்டாம ஒண்ணுன்னு உங்க மெஷின்லயே ரெண்டு பிரிண்ட் போட்டு, பகல் வெளிச்சத்துல ஜன்னல் பக்கத்துல வெச்சு நீங்களும் உங்க ஆபரேட்டரும் பாருங்க. பார்த்துட்டு கூப்பிடுங்க, ஒரு ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து உக்காந்து சேர்ந்து செட்டிங் பார்க்கவும் நான் ரெடி.

இப்படிக்கு,
விருதுநகர் பக்கத்துல இருந்து ஒரு கல்யாண போட்டோகிராபர்